கிட் காரில் அலாய் சஸ்பென்ஷன்: சத்தம் வந்தால், ஆட்டம் தெரிந்தால் எங்கே பார்ப்பது

லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் கிட் கார் 1957-இல் வந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தக் காரின் கவர்ச்சி. 1973-இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குப் போனது. அதே சாயலில் வெஸ்ட்ஃபீல்டு, லோகோஸ்ட் என்று ஒரு குடும்பமே பெருகியது. இங்கிலாந்தில் இன்றைக்கும் சனி, ஞாயிறுகளில் கேரேஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வகைக் கார் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படிக் கட்டியவன்தான்.

கார் ஓடத் தொடங்கி ஓரிரு வருடத்தில் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். பழைய ஃபோர்டு கார்ட்டினாவிலிருந்தோ சியராவிலிருந்தோ கழற்றி மாட்டிய கனமான அப்ரைட்டை (சக்கரத்தின் ஹப்பையும் பேரிங்கையும் தாங்கும் பாகம்) எடுத்துவிட்டு, அலுமினிய அலாய் அப்ரைட் போட வேண்டும். நியாயமான ஆசை. மொத்தமே 550, 600 கிலோ உள்ள காரில், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையில் சக்கரத்துக்கு ஒரு கிலோ குறைந்தாலும் மோசமான ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்குத் தெரியும்.

ஆனால் அலுமினியத்தின் குணம் வேறு. ஒரு கன செ.மீ. ஸ்டீல் 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம். எடை மூன்றில் ஒரு பங்கு என்று சந்தோஷப்படும்போதே, விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சூட்டில் விரிவது ஸ்டீலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்டீல், ஒரு வரம்புக்குக் கீழே சுமை இருந்தால் எத்தனை லட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. சின்னச் சுமையும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை அலுமினியமும் ஸ்டீலும் தொடும் இடத்தில்தான் தொடங்கியிருந்தன: பேரிங் உட்காரும் குழி, போல்ட் இறங்கும் மரை, பால் ஜாயிண்டின் (அப்ரைட் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) கூம்பு. அறிகுறி எதுவாக இருந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

வேலையைத் தொடங்கும் முன் காரை ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கையைக் கூட உள்ளே விட வேண்டாம். அப்புறம் கழுவுங்கள். அழுக்கோடு தேடினால் எதுவும் கண்ணில் படாது.

## ஆறியிருக்கும்போது ஒன்றுமில்லை, சூடானால் 'டக்' என்று ஆட்டம்

இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொண்டு பால் ஜாயிண்டையும் டேம்பரையும் (ஷாக் அப்சார்பர்) மாற்றிப் பணத்தை விடுகிறார்கள்.

போன கோடையில் தம்பி ஒருவன் காரைக் கொண்டுவந்தான். "அண்ணா, வீட்டில பாத்தா ஒண்ணுமே இல்லை. ரெண்டு மலை இறங்கினா முன் வலது பக்கம் ஆடுது" என்றான். ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். அசைவே இல்லை. "சரி, இப்போதே ஓட்டிவிட்டு வா. நல்லா பிரேக் பிடிச்சு ஓட்டு" என்று அனுப்பினேன். அரை மணி நேரத்தில் வந்தான். டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. அதே இடத்தில் பிடித்து அசைத்தேன். இந்த முறை விரலுக்குள் ஒரு சின்ன 'டிக்'.

ஹப்பைக் கழற்றியதும் பேரிங்கின் வெளி வளையத்தைக் கட்டை விரலால் தள்ளினேன், வந்துவிட்டது. வளையத்தின் முதுகிலும் அலுமினியக் குழியிலும் கறுப்பாக, மை பூசியதுபோல ஒரு பொடி. ஸ்டீலும் ஸ்டீலும் உராய்ந்தால் செம்பழுப்புப் பொடி வரும். கறுப்பு என்றால் அலுமினியம் தேய்கிறது என்று பொருள். அந்த நிறத்தைப் பார்த்தாலே பாதி விசாரணை முடிந்தது.

காரணத்தைக் கணக்குப் போட்டே காட்டலாம். 70 மி.மீ. விட்டமுள்ள குழி, 80 டிகிரி சூடேறுகிறது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரானும், பேரிங் ஸ்டீல் 12 மைக்ரானும் விரியும். வித்தியாசம் 11. பெருக்கினால் சுமார் 0.06 மி.மீ. ஆறியிருக்கும்போது பேரிங் இவ்வளவு இறுக்கத்தில் உட்கார்ந்திருக்காவிட்டால், சூட்டில் அது குழிக்குள் தளர்ந்துவிடும். இவன் அப்ரைட்டைக் குடைந்து கொடுத்த பட்டறை, ஸ்டீல் குழிக்கு உண்டான அளவையே அலுமினியத்துக்கும் வைத்திருந்தது.

பேரிங்குக்குப் பசை தடவி மறுபடி திணிப்பது தீர்வு ஆகாது. குழி ஒருமுறை தேய்ந்தால் வட்டம் போய்விடும். குழியைப் பெரிதாக்கி, உள்ளே ஸ்டீல் ஸ்லீவ் இறக்கி, அதற்குள் பேரிங்கை உட்கார வைக்கலாம். ஆனால் சுற்றிச் சுவர் போதிய தடிமன் இருந்தால் மட்டும். இல்லையென்றால் புது அப்ரைட்தான். சரியான இறுக்கத்தோடு புதிதாகக் குடையும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளி வளையம் அழுந்தும் அளவுக்கு உள்ளே இருக்கும் கிளியரன்ஸும் குறையும். பேரிங் கம்பெனியின் அட்டவணையில் இலகு உலோகக் குழிக்கென்று தனியாகச் சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். அப்ரைட்டை அடுப்பில் 100 டிகிரிக்குச் சூடாக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். பேரிங்கை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்தால் 0.16 மி.மீ. அளவு இடம் கிடைக்கும். நேராகப் பிடித்து விட்டால் 'டொப்' என்று தானாக உட்கார்ந்துகொள்ளும். கோணலாகிச் சிக்கினால் அடிக்காதீர்கள். வெளியே எடுத்து மறுபடி சூடாக்குங்கள்.

## வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டாம் முறை மிதித்தால் சரியாகிறது

இது பிரேக் ஆயிலில் காற்று புகுந்ததுபோலவே தோன்றும். வித்தியாசம் எளிது. காற்று இருந்தால் பெடல் எப்போதும் பஞ்சுபோல இருக்கும். இங்கே நேர் ரோட்டில் பெடல் கல்லுப்போல இருக்கும். வேகமாக வளைவு எடுத்த பிறகு மட்டும் கீழே போகும்.

வளைவில் டிஸ்க் சாய்ந்து பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட பிஸ்டன் திரும்பி வர முதல் மிதி செலவாகிறது. நகரும் காலிப்பரில் (காலிப்பர் என்பது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) இது அவ்வளவாகத் தெரியாது. எடை குறைக்கிறோம் என்று நான்கு பிஸ்டன் அலாய் காலிப்பர் மாட்டினவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் மேலே சொன்ன பேரிங் ஆட்டத்தைச் சூட்டில் பாருங்கள். அது சரியாக இருந்தால் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றுங்கள். முள் 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் ஹப் முகத்தில் பர் (உலோகப் பிசிறு) அல்லது துகள் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் காலிப்பரைத் தாங்கும் காதுகள் மெலிந்திருக்கலாம். ஸ்டீல் அப்ரைட்டின் வடிவத்தை அப்படியே அலுமினியத்தில் நகலெடுத்தால் அந்தக் காது மூன்று மடங்கு வளையும். நல்ல அலாய் அப்ரைட் பார்க்கவே தடியாக, குண்டாக இருப்பது அதனால்தான்.

## காலிப்பர் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுக மாட்டேன் என்கிறது

மரை போய்விட்டது. போல்ட்டை வெளியே எடுத்தால் அதன் பல்லில் அலுமினியம் முடிச் சுருள்போலச் சுற்றியிருக்கும்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். போல்ட் உள்ளே இறங்கிய நீளம் போதாமல் இருந்திருக்கலாம். ஸ்டீலில் போல்ட்டின் விட்டம் அளவு மரை பிடித்தால் போதும். அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். எம்10 போல்ட் என்றால் 15 முதல் 20 மி.மீ. வரை. வாஷர் ஒன்று கூடுதலாகப் போட்டதில் இந்த நீளம் காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால், பழைய காரின் கையேட்டில் ஸ்டீல் அப்ரைட்டுக்குச் சொன்ன டார்க்கை (இறுக்கும் முறுக்கின் அளவை) அலாய் அப்ரைட்டுக்கும் வைத்திருப்பீர்கள். கிரீஸ் பூசிய மரைக்கு உலர்ந்த மரையின் டார்க் வைப்பதும் அதே தப்புதான். அப்ரைட்டோடு வந்த தாளில் போட்டிருக்கும் டார்க் மட்டுமே கணக்கு.

ஹெலிகாயில் (துளைக்குள் இறக்கும் ஸ்டீல் மரைச் சுருள்) போட்டால் சரியாகிவிடும். பிரேக்குக்கு ஹெலிகாயிலா என்று பயப்பட வேண்டாம். அலுமினியத்தில் புதிதாகச் செய்யும் பாகங்களுக்கே அதை ஆரம்பத்திலிருந்து போடுகிறார்கள். ஸ்டீல் மரை கிடைப்பதால் முன்னைவிட உறுதியாகவே இருக்கும். ஆனால் மரை வெட்டும் டேப் நேராக இறங்க வேண்டும், கையால் டிரில் பிடிக்காதீர்கள். பின்பக்கம் இடம் இருந்தால் முழுத் துளை போட்டு, போல்ட்டைக் கடத்தி, நட் போடுவது இன்னும் நல்லது.

## மெதுவாகப் போகும்போது வேகத்தடையில் 'கட கட'

ஒருவர் சக்கரத்தை இடமும் வலமும் அசைக்க, நீங்கள் ஒவ்வொரு மூட்டின் மீதும் விரலை வைத்துப் பாருங்கள். காதைவிட விரல் துல்லியமானது. ரோஸ் ஜாயிண்டில் (கம்பி முனையில் வரும் உலோக உருண்டை மூட்டு) உணர்ந்தால் அது தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.

விஷ்போன் (அப்ரைட்டைக் காரின் சட்டத்தோடு சேர்க்கும் V வடிவக் கை) புஷ்ஷில் உணர்ந்தால், புஷ்ஷைக் குறை சொல்வதற்கு முன் உள்ளே இருக்கும் ஸ்டீல் குழாயை அளந்து பாருங்கள். அந்தக் குழாய் புஷ்ஷைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட் குழாயைப் பிராக்கெட்டோடு இறுக்கும். குட்டையாக இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் இறுக்கம் பிளாஸ்டிக் புஷ்ஷின் மீதுதான் விழும்.

பால் ஜாயிண்டில் உணர்ந்தால் அதன் கூம்பைப் பாருங்கள். சில மலிவான அப்ரைட்டுகளில் கூம்புத் துளையை நேரடியாக அலுமினியத்திலேயே குடைந்திருப்பார்கள். கடினமான ஸ்டீல் கூம்பு அதை மெல்ல மெல்ல அகட்டிவிடும். நட் இறுக்கமாகத்தான் இருக்கும், கூம்பு மட்டும் ஆடும். அப்ரைட்டில் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கிக் கூம்பு குடைந்திருக்கிறார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கூம்பு பொருந்துகிறதா என்று பார்க்க, பிரஷ்யன் நீலச் சாயத்தைப் பூசி இறக்கி எடுங்கள். முழுக்கச் சாயம் பட வேண்டும். ஒரு வளையம் மட்டும் பட்டால் கோணம் வேறு. அந்த ஜாயிண்டை அந்த அப்ரைட்டில் போடக் கூடாது.

## பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கார் தானாகத் திரும்புகிறது

புது அப்ரைட் போட்ட அன்றே இது தொடங்கினால், அப்ரைட்டின் ஸ்டியரிங் கையில் டை ராட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பி) வந்து சேரும் உயரம் மாறியிருக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி வையுங்கள். சக்கரத்துக்குப் பதில் ஹப்பில் ஒரு தட்டையான பலகையைக் கட்டி, நடுநிலையிலிருந்து மேலே 50, கீழே 50 மி.மீ. வரை ஜாக்கியால் நகர்த்தி, பத்து மி.மீ.க்கு ஒருமுறை பலகையின் முன் விளிம்பும் பின் விளிம்பும் எவ்வளவு நகர்ந்தன என்று எழுதுங்கள்.

ஸ்டியரிங் ரேக் (டை ராடை இடமும் வலமும் தள்ளும் பல்சட்டம்), சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும் கார் என்று வைத்துக்கொள்வோம். மேலே போகும்போது சக்கரத்தின் மூக்கு உள்பக்கம் போய், கீழே வரும்போது வெளியே போனால், டை ராடின் வெளி முனை உயரம் அதிகம்; அதை இறக்க வேண்டும், அல்லது ரேக்கை ஏற்ற வேண்டும். நேர் எதிராக நடந்தால் தீர்வும் எதிர். மேலே போனாலும் கீழே வந்தாலும் மூக்கு உள்பக்கமே போனால் உயரத்தில் பிழை இல்லை, டை ராட் நீளம் போதவில்லை. ரேக் பின்னால் இருந்தால் இவை எல்லாம் தலைகீழ்.

வெளி முனையில் ரோஸ் ஜாயிண்ட் போட்டு, கீழே ஸ்பேசர் அடுக்கிச் சரிசெய்வதுதான் வழக்கம். ஸ்பேசர் உயர உயர, போல்ட் அலுமினியக் கையை நெம்பத் தொடங்குகிறது. பத்து மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் நான் ரேக்கின் பிராக்கெட்டை வெட்டி வெல்டு வைப்பேன். அது ஸ்டீல் சட்டம், தாராளமாக வெல்டு வைக்கலாம். 40 மி.மீ. மேல், 40 மி.மீ. கீழ் என்ற பயணத்தில் டோ (சக்கரத்தின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாற்றம் ஒரு மி.மீ.க்குள் அடங்கினால் அதோடு விட்டுவிடுவேன்.

## ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை

பிரிட்டனில் வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வர ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) சோதனை தாண்ட வேண்டும். 2009-இல் பழைய எஸ்.வி.ஏ.வின் இடத்துக்கு வந்தது அது. ஸ்டியரிங் நடுவுக்குத் திரும்புகிறதா என்று அங்கே ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த எடை குறைந்த கார்கள் பல அதில்தான் தோற்கின்றன.

முதலில் டை ராடைக் கழற்றிவிட்டு அப்ரைட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முரண்டு பிடித்தால் பால் ஜாயிண்டில் பிரச்சினை. ஜாயிண்டின் ஸ்டட் கோணம் மீறி விஷ்போனில் முட்டிக்கொண்டிருக்கலாம். வழுக்கினால் காஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) அளந்து பாருங்கள். ஐந்து, ஆறு டிகிரி இருந்தால் நல்லது. சோதனைக்காக மட்டும் டோவை வெளிப்பக்கம் திறந்து வைத்துப் பாஸ் வாங்குகிறவர்கள் உண்டு. அந்த அமைப்பில் மழை நாளில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மேல் விஷ்போனில் ஷிம் (மெல்லிய தகடு) மாற்றிக் காஸ்டரை உண்மையாகவே ஏற்றிவிடுங்கள்.

அதே சோதனையில், வெளியே தொடக்கூடிய விளிம்புகள் 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும் என்பதால் நட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போடுவோம். முடிந்து வீட்டுக்கு வந்ததும், வருடம் ஒருமுறையாவது அந்தத் தொப்பிகளைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்குவதும் நட் தளர்வதும் அதற்குள்ளேதான், கண்ணுக்குத் தெரியாமல்.

## வெள்ளைப் பொடி, கொப்புளம், கழறாத போல்ட்

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுகிறார்கள். உப்புத் தண்ணீர், அலுமினியம், ஸ்டீல் மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் அரிப்பு இன்னும் வேகம். போல்ட் பளபளவென்று இருக்க, சுற்றியுள்ள அலுமினியம் மாவாகிவிடும். பூட்டும்போதே டூராலாக் களிம்பு தடவுங்கள். தாமிரக் கிரீஸ் வேண்டாம், தாமிரமும் அந்த பேட்டரியில் சேர்ந்துகொள்ளும்.

கழறாத போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகத் திருப்புங்கள். ஹீட் கன் போதும், கேஸ் டார்ச் கூடாது. அலுமினியம் சிவக்காது, கெட்டுப்போனது தெரியாமலே அதன் வலு போய்விடும். அலுமினிய உடல் கொண்ட டேம்பரில் ஸ்பிரிங் வளையம் சிக்கினால் இதே முறைதான், ஆனால் அங்கே ஹீட் கன்னும் வேண்டாம். உள்ளே எண்ணெயும் சிலவற்றில் அழுத்த வாயுவும் இருக்கின்றன.

## மயிரிழைபோல ஒரு கோடு

கீறலா, விரிசலா? நகத்தால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. காந்தத் துகள் சோதனை அலுமினியத்தில் வேலை செய்யாது. மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள் கொண்ட சாய ஊடுருவல் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். விலை ஒரு டயரைவிடக் குறைவு.

பெயிண்டை முழுக்க எடுக்க வேண்டும். மணல் அடித்து எடுத்தால் விரிசலின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும். பெயிண்ட் நீக்கும் திரவம் போடுங்கள். அடுப்பு சுத்தம் செய்யும் காஸ்டிக் சோடா வகை வேண்டாம், அது அலுமினியத்தையே தின்னும். சுத்தம் செய்து உலர்ந்ததும் சிவப்புச் சாயம் அடித்து, 10 முதல் 20 நிமிடம் காத்திருந்து, துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். நேராகப் பாகத்தின் மீது கிளீனர் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப்போகும். பிறகு வெள்ளை டெவலப்பர், மெல்லிய ஒரு படலம். பத்து நிமிடம். கீறலாக இருந்தால் வெளுத்தே கிடக்கும். விரிசலாக இருந்தால் வெள்ளையில் சிவப்பு மெதுவாகக் கசியும். முதல் முறை அது கசிவதைப் பார்த்தபோது, முந்தின வாரம் என் மகளை அதே காரில் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டியது நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

துளையின் விளிம்பு, உள் மூலைகள், ஸ்டியரிங் கை தொடங்கும் கழுத்து: இந்த மூன்று இடத்தையும் முதலில் பாருங்கள். கூர்மையான உள் மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் முன்னும் யோசியுங்கள். அந்த அடுப்பு 180, 200 டிகிரி வரை போகும். 7075-டி6 அலாயைப் பதப்படுத்துவதே 120 டிகிரியில்தான். 200-இல் சுட்டால் காசு கொடுத்து வாங்கிய வலுவில் ஒரு பகுதி போய்விடும். மேலும் கோட்டிங் ரப்பர்போல விரிந்து கொடுத்து, அடியில் உள்ள விரிசலை மறைக்கும். அனோடைஸ் செய்த பாகத்தில் கோடு சீக்கிரம் கண்ணுக்குப் படும்.

விரிசல் என்று உறுதியானால் வெல்டு வைக்கலாமா என்று கேட்காதீர்கள். 6082-டி6 போன்றதில் வெல்டுக்குப் பக்கத்துப் பகுதி தன் பதத்தை இழந்து கணிசமாக இளகிவிடும். 7075-ஐ வழக்கமான முறையில் வெல்டு வைக்கவே கூடாது. கர்ப் கல்லில் பலமாக இடித்த அப்ரைட்டும் இதே கணக்குதான். வார்ப்பாக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே போயிருக்கலாம். மற்றப் பக்கத்து அப்ரைட்டையும் அன்றைக்கே சோதியுங்கள். இரண்டும் ஒரே மைல் ஓடியவை.

கழற்றிய பாகத்தை அலமாரியில் வைக்காதீர்கள். ரம்பத்தை எடுத்து நடுவில் இரண்டாக அறுத்துவிடுங்கள். இல்லையென்றால் என்றைக்காவது ஒருநாள் கேரேஜைக் காலி செய்யும்போது, பளபளவென்று இருக்கிறதே என்று யாராவது எடுத்துக்கொண்டுபோய் மாட்டிவிடுவார்கள்.